உலகம் பூரா டவர் கட்டுற கம்பெனில வேலை ஆஃபர் – இவங்க பில்டரா, ஃபண்டா? சம்பளத்துல 'கேரி'ன்னு வேற ஒண்ணு இருக்கு

செங்கல்சூளை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரெண்டு வருஷமா படிச்சிட்டு மட்டும்தான் இருக்கேன், கேள்வி போடறது இதான் முதல் தடவை, நீளமா போனா பொறுத்துக்கங்க.

நான் சிவில். பதினோரு வருஷம் கான்ட்ராக்டர் பக்கம்தான், சைட், பில்லிங், பிளானிங் எல்லாம் பாத்தாச்சு. இப்ப ஒரு பெரிய கம்பெனில டெவலப்மென்ட் மேனேஜர் போஸ்ட்டுக்கு ஆஃபர் வந்திருக்கு. பேரு வேணாம். "குளோபல் ரியல் எஸ்டேட் டெவலப்மென்ட் அண்ட் இன்வெஸ்ட்மென்ட் ஃபர்ம்"னு போட்டுக்கறாங்க, இருபது நாட்டுக்கு மேல ஆபீஸ் இருக்கு. அவங்க வெப்சைட்ட எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு அடிப்படையே புரியல. கட்டறோம்ங்கறாங்க, ஆனா கான்ட்ராக்டர் வேற ஆளு. ஓனர்ங்கறாங்க, நியூஸ்ல பாத்தா அந்த கட்டடத்துல பெரிய பங்கு எங்கயோ இருக்கற பென்ஷன் ஃபண்டோடது. இத்தனை பில்லியன் சொத்த "நிர்வகிக்கிறோம்"னு பெருசா போட்டிருக்கு, அது அவங்க சொத்தா இல்லையா? மூணு ரவுண்டு இன்டர்வியூ முடிஞ்சுது, இதப்போய் கேக்க வெக்கமா இருந்துச்சு.

அடுத்து சம்பளம். ஃபிக்ஸட் இப்ப வாங்கறத விட கொஞ்சம்தான் கூட. ஆனா "கேரி"னு சில பாயின்ட் தர்றாங்களாம், அஞ்சு வருஷத்துல வெஸ்ட் ஆகுமாம், அதாவது முழுசா எனக்கே சொந்தமாகுமாம். ஹெச்ஆர் அம்மா அத சொல்லும்போது லாட்டரி டிக்கெட்ட கைல வெக்கற மாதிரி சிரிச்சாங்க. அது பணமா, காத்தா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

வட்டிக்கணக்கு பதில்:

வாங்க தம்பி. நான் இந்த மாதிரி ரெண்டு கம்பெனில ஃபண்ட் அக்கவுன்டிங் பாத்தவன், கட்டடத்த நேர்ல பாத்தது கம்மி, அதோட கணக்க பாத்தது ஜாஸ்தி. அதனால பணம் எப்படி ஓடுதுன்னு மட்டும் சொல்றேன், கட்டற விஷயத்த வேற யாராவது சொல்லட்டும்.

கட்டடம் அவங்களுதா? ஒரு ஓரமா அவங்களுது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனியா ஒரு கம்பெனி பதிவு பண்ணுவாங்க, எஸ்பிவின்னு சொல்லுவோம், அந்த குட்டி கம்பெனிதான் சட்டப்படி ஓனர். அதுக்கு பணம் ரெண்டு பக்கத்துலேர்ந்து வரும். பாதிக்கு மேல பேங்க் கடன், மிச்சம் முதல், அதாவது முதலீட்டாளருங்க போடற பணம். அந்த முதல்ல பெரும்பகுதி பென்ஷன் ஃபண்ட், இன்சூரன்ஸ் கம்பெனி, அரசாங்க முதலீட்டு நிதி இவங்க போடறது, இவங்கள எல்பின்னு சொல்லுவோம். நீங்க சேரப்போற கம்பெனி ஜிபி, அதாவது நடத்தறவங்க. மொத்த முதல்ல அவங்க கைக்காசு ஒரு சின்ன பங்குதான் இருக்கும், ஆனா எத வாங்கறது, எத கட்டறது, எப்ப விக்கறதுன்னு முடிவெல்லாம் அவங்களுது. வெப்சைட்ல போட்டிருக்கற பில்லியன் கணக்கு இந்த மொத்தத்தையும் சேத்து, பல இடத்துல கடனையும் சேத்து சொல்றது. அத பாத்து இவங்க எவ்வளவு பெரிய பணக்காரன்னு முடிவு பண்ணாதீங்க, எவ்வளவு பேர் இவங்கள நம்பி பணம் குடுத்திருக்காங்கன்னு வேணா புரிஞ்சுக்கலாம்.

இப்ப வருமானம். முதல்ல ஃபீஸ். வாங்கும்போது ஒரு ஃபீஸ், கட்டும்போது கட்டுமான செலவுல சில சதவீதம் டெவலப்மென்ட் ஃபீஸ், அப்பறம் வருஷா வருஷம் அசெட் மேனேஜ்மென்ட் ஃபீஸ், வாடகை வசூல் பண்ணி லிப்ட் ரிப்பேர் பாக்கறதுக்கு பிராப்பர்ட்டி மேனேஜ்மென்ட் ஃபீஸ். லாபம் வந்தாலும் வராட்டாலும் இது ஓடிட்டே இருக்கும், ஆபீஸ் வாடகையும் சம்பளமும் இதுலேர்ந்துதான். நிஜமான காசு அடுத்ததுல இருக்கு, அதான் உங்க ஆஃபர்ல இருக்கற கேரி. டெவலப்பர் பசங்க இதையே ப்ரமோட்னு சொல்லுவாங்க.

ஒரு கணக்கு போட்டு காட்றேன். முதல் மொத்தம் 100 ரூபான்னு வெச்சுக்கங்க, இதுல 95 எல்பி போட்டது, 5 கம்பெனி போட்டது. வழக்கமான ஒப்பந்தம் என்னன்னா முதல்ல எல்லாருக்கும் அவங்கவங்க போட்டதும் அதுக்கு மேல வருஷம் 8 சதவீதமும் போகணும், அதுக்கும் மேல மிஞ்சறதுல 20 சதவீதம் கம்பெனிக்கு தனியா, மிச்ச 80 சதவீதம் போட்ட பணத்து விகிதத்துல பிரியும். அஞ்சு வருஷம் கழிச்சு வித்து கடன கட்டுன பின்னாடி 200 கைல நிக்குதுன்னா, 8 சதவீத கூட்டு வட்டில 100 ஆனது சுமார் 147, மிச்சம் 53, அதுல 20 சதவீதம் சுமார் 10.6 நேரா கம்பெனிக்கு. இந்த 10.6-தான் கேரி, அதுல ஒரு துண்டுதான் உங்க பாயின்ட். கடைசில பாத்தா 95 போட்டவங்களுக்கு சுமார் 180, 5 போட்டவங்களுக்கு சுமார் 20. அவங்களுக்கு ரெண்டு மடங்குக்கு கொஞ்சம் கம்மி, இவங்களுக்கு நாலு மடங்கு.

இதே கட்டடம் அஞ்சு வருஷத்துல 140-க்குதான் போச்சுன்னா? 8 சதவீதத்தயே தாண்டல. எல்பிக்கு நஷ்டம் இல்ல, ஆனா கேரி பூஜ்யம். பாதி இல்ல, கால் இல்ல, சுத்தமா பூஜ்யம். உங்க லாட்டரி டிக்கெட்டுக்கு அர்த்தம் இதான்.

---

சந்தேகப்பிராணி பதில்:

ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு ஒரே வரில சொல்லிட்டு போயிருக்கலாம் சார் 😄

---

மாடிப்படி பதில்:

மேல சொன்னது கணக்கு சரிதான், ஆனா அத படிச்சா இவங்க கட்டறதே இல்ல, காகிதத்த மாத்திக்கிட்டு இருக்கறவங்கன்னு தோணும். நான் இருபத்திரெண்டு வருஷம் டெவலப்மென்ட் பக்கம் இருந்து போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன், நீங்க சேரப்போற அதே வேலைதான், கொஞ்சம் சொல்றேன்.

இந்த தொழில் எப்படி இந்த உருவத்துக்கு வந்துச்சுன்னு பாக்கணும்னா ஹைன்ஸ்ங்கற அமெரிக்க டெவலப்பர் கம்பெனி கதைய பாருங்க. ஜெரால்ட் ஹைன்ஸ் மெக்கானிக்கல் இன்ஜினியர், ஏசி டிசைன் மாதிரி வேலை பாத்திட்டிருந்தவர், 1957-ல ஹூஸ்டன்ல சொந்தமா ஆரம்பிச்சார். முதல்ல கிடங்கு, சின்ன சின்ன ஆபீஸ் கட்டடம்தான். பெரிய தாவல்னா ஒன் ஷெல் பிளாசா, 50 மாடி, 1971-ல முடிஞ்சுது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஃபஸ்லுர் கான், அந்த சமயத்துல கான்கிரீட்ல அவ்வளவு உயரம் வேற இல்ல. சிவில் ஆளு நீங்க, அந்த டிசைன ஒரு தடவை பாருங்க, லைட்வெயிட் கான்கிரீட் போட்டு அந்த மண்ணுல அத்தனை மாடி ஏத்திருக்காங்க. ஆனா பணம் குடுத்தவங்களுக்கு கான்கிரீட் முக்கியமில்ல, ஷெல் கம்பெனி குடி வர்றேன்னு கையெழுத்து போட்டதுதான் முக்கியம். இந்த தொழில்ல அஸ்திவாரம்ங்கறது லீஸ்தான் தம்பி, மண்ணுக்குள்ள இறக்கற பைல் தூண் எல்லாம் அப்பறம்.

அதே கதை இப்பவும். சான் பிரான்சிஸ்கோல 61 மாடி, 326 மீட்டர்ல சேல்ஸ்ஃபோர்ஸ் டவர் 2018-ல திறந்தாங்க இல்ல, அது ஹைன்ஸும் பாஸ்டன் பிராப்பர்ட்டீஸும் சேந்து பண்ணது. ஆரம்பத்துல அது பேரு டிரான்ஸ்பே டவர். 2014-ல சேல்ஸ்ஃபோர்ஸ் வந்து பாதிக்கு மேல இடத்த முன்கூட்டியே லீஸ் எடுத்துச்சு, பேரே மாறிடுச்சு. கட்டடம் தரைக்கு மேல வர்றதுக்கு முன்னாடியே வாடகைக்காரன் பேர் வெச்சுட்டான். அந்த மாதிரி ஒரு கையெழுத்து கிடைச்சா பேங்க்காரன் உக்கார சொல்லி தண்ணி குடுப்பான், கிடைக்கலன்னா ஃபோனே எடுக்க மாட்டான்.

ஹைன்ஸ்கிட்ட இன்னொரு விஷயம், நல்ல ஆர்க்கிடெக்ட கூப்புட்டா செலவு கூட ஆனாலும் வாடகைல திரும்ப வரும்னு நம்பினார், ஃபிலிப் ஜான்சன வெச்சு பென்ஸாயில் பிளேஸ் பண்ணார், ஐ.எம். பெய்ங்கற ஆர்க்கிடெக்ட் 75 மாடில ஒரு பேங்க் டவர் பண்ணிக்குடுத்தார். அதுக்கு முன்னாடி ஸ்பெக்ல, அதாவது வாடகைக்காரன் யாருன்னு தெரியாமலே, ஆபீஸ் கட்டறவன் எல்லாம் தீப்பெட்டியதான் அடுக்கிட்டு இருந்தான். சரி, நான் பழச பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், வேலைக்கு வர்றேன்.

நீங்க டெவலப்மென்ட் மேனேஜரா போனா கைல கரண்டி பிடிக்க மாட்டீங்க. நிலம் தேடறதுலேர்ந்து சாவிய குடுக்கற வரைக்கும் நடுவுல இருக்கற அத்தனை பேரையும் ஒரே திசைல இழுக்கணும். நிலத்த உடனே வாங்க மாட்டோம், ஆப்ஷன்னு ஒரு சின்ன தொகை குடுத்து பிடிச்சு வெச்சிட்டு, பிளானிங் அனுமதி வந்தாதான் முழுப்பணம். அந்த அனுமதிதான் நிஜமான ஆபத்து, ரெண்டு வருஷமும் ஆகும் நாலு வருஷமும் ஆகும், அதுக்குள்ள வட்டி மாறிடும், ஆபீஸ் கேட்டவன் ஆபீஸே வேணாம்பான். இந்த கட்டத்துல செலவு பண்ற காசு பெரும்பாலும் முதலா போட்ட பணத்துலேர்ந்து போறது, பேங்க் பொதுவா இதுக்கு கடன் தராது. சந்தேகப்பிராணி சார் சொன்ன நெய் கணக்குல இது வராது பாருங்க, பல கம்பெனில இந்த கட்டத்துல சொந்தக்காசுதான் கரையும்.

அப்பறம் உங்க கான்ட்ராக்டர் புத்திய மாத்தணும். அங்க இருக்கும்போது கன மீட்டருக்கு எவ்வளவு மிச்சம்னு பாப்பீங்க. இங்க ஒவ்வொண்ணையும் வருஷ வருமானமா மாத்தி, அத கேப் ரேட்டால வகுத்து பாக்கணும். கேப் ரேட்னா ஒண்ணும் இல்ல, கட்டடத்தோட வருஷ நிகர வருமானம் அதோட விலைல எத்தனை சதவீதம்ங்கறதுதான். 5 சதவீத மார்க்கெட்ல வருஷம் 1 லட்சம் டாலர் ஓனரோட செலவ குறைச்சீங்கன்னா கட்டடத்து விலை 20 லட்சம் டாலர் ஏறும். லிப்டும் படிக்கட்டும் இருக்கற நடுப்பகுதிய, கோர்னு சொல்லுவோம், அத ஒரு மாடிக்கு கொஞ்சம் சுருக்கி வாடகைக்கு விடற பரப்ப கூட்டுனா அதுவும் அப்படித்தான், அம்பது மாடிக்கு பெருக்கி பாருங்க. அதனாலதான் டிசைன் மீட்டிங்ல கோர் சைஸுக்கு நாலு மணி நேரம் சண்டை நடக்கும், முகப்பு கலருக்கு பத்து நிமிஷம். ஒரு சின்ன விஷயம், கரண்ட் பில்லு வாடகைக்காரனே கட்டற மாதிரி லீஸ்னா, நீங்க நல்ல கண்ணாடி போட்டு மிச்சம் பிடிச்சதெல்லாம் அவன் பாக்கெட்டுக்கு போகும், விலைல வராது. லீஸ படிக்காம இன்ஜினியரிங் பண்ணாதீங்க.

---

சந்தேகப்பிராணி பதில்:

மாடிப்படி அண்ணே, மரியாதையா ஒத்துக்கறேன், நிலத்துல ரிஸ்க் இருக்கு. ஆனா நான் சொல்ல வந்தது வேற. ஜெயிச்சா நாலு மடங்கு, தோத்தா சாவிய பேங்க்ல குடுத்துட்டு கிளம்பறது, இத பத்தி யாரும் வாயே திறக்கலயே.

நியூயார்க்ல ஸ்டைவெசன்ட் டவுன், மெட்லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனி 1940-கள்ல கட்டுனது, பக்கத்துல இருக்கற பீட்டர் கூப்பர் வில்லேஜையும் சேத்து 11,000-க்கு மேல வீடு. 2006-ல டிஷ்மன் ஸ்பேயரும் பிளாக்ராக்கும் 5.4 பில்லியன் டாலருக்கு வாங்குனாங்க. இதுல அவங்க ரெண்டு பேரும் போட்ட கைக்காசு ஆளுக்கு 112.5 மில்லியன்தான், மிச்சமெல்லாம் கடனும் அடுத்தவன் முதலும். நிறைய வீடு வாடகை கட்டுப்பாட்டுல இருந்துச்சு, அத ஒண்ணொண்ணா மார்க்கெட் வாடகைக்கு மாத்தினா வட்டி கட்டிடலாம்னு கணக்கு. குடி இருக்கறவங்க கேஸ் போட்டு 2009-ல ஜெயிச்சுட்டாங்க, அந்த மாதிரி வாடகை ஏத்தினது தப்புன்னு தீர்ப்பு. 2010 ஜனவரில கடன்காரங்ககிட்ட அப்படியே விட்டுட்டு போயிட்டாங்க. அப்ப அதோட மதிப்பு 1.8 பில்லியன்தான்னு ஒரு ரேட்டிங் ஏஜென்சி போட்டுச்சு. கலிபோர்னியா அரசு ஊழியர் பென்ஷன் ஃபண்டுக்கு 500 மில்லியன் போச்சு, முழுசா. டிஷ்மன் ஸ்பேயர் இன்னிக்கும் இருக்கு, நல்லாவே இருக்கு, ராக்ஃபெல்லர் சென்டர் அவங்ககிட்டதான். பென்ஷனுக்கு உழைச்சவன் தலைல துண்டு, இவங்க அடுத்த ஃபண்டு.

சமீபத்துலயும் பாருங்க, 2023 பிப்ரவரில புரூக்ஃபீல்டு லாஸ் ஏஞ்சலஸ்ல ரெண்டு ஆபீஸ் டவர் மேல இருந்த 784 மில்லியன் டாலர் கடன கட்டலன்னு அறிவிச்சாங்க. உலகத்துலயே பெரிய சொத்து நிர்வாக கம்பெனில ஒண்ணு. காசு இல்லாமயா? கட்டறதுல அர்த்தம் இல்லன்னு முடிவு பண்ணாங்க, அவ்வளவுதான். நானோ நீங்களோ வீட்டுக்கடன் ரெண்டு தவணை விட்டா வாசல்ல ஆள் நிக்கும்.

---

வட்டிக்கணக்கு பதில்:

சார், கோவம் நியாயம்தான், ஆனா ஏமாத்துன மாதிரி சொல்லாதீங்க. அந்த மாதிரி கடனுக்கு பேரு நான்-ரிகோர்ஸ். கட்டடம் மட்டும்தான் ஜாமீன்னு பேங்க்கும் தெரிஞ்சுதான் கையெழுத்து போடறான், அதுக்கு தகுந்த வட்டியும் வாங்கறான். மோசடி பண்ணா, பணத்த திசை திருப்பினா அந்த பாதுகாப்பு போயிடும்னு தனி உத்தரவாதமும் எழுதி வாங்கறான். கட்டுமான கடன்ல இன்னும் கடுமை, கட்டி முடிச்சு குடுப்பேன்னு கம்பெனியே ஜாமீன் நிக்கணும்.

இந்த தடுப்பு இல்லாம இருந்தா என்ன ஆகும்னும் பாத்தாச்சு. ஒலிம்பியா அண்ட் யார்க், ரைக்மன் சகோதரர்களோட குடும்ப கம்பெனி, டொரன்டோ. ஒரு காலத்துல உலகத்துலயே பெரிய டெவலப்பர். லண்டன்ல பாழடைஞ்சு கிடந்த துறைமுகத்துல கேனரி வார்ஃப்ப எழுப்புனாங்க, 50 மாடி டவர் 1991-ல முடியுது, மார்க்கெட் விழுந்து கிடக்கு, ஆளுங்க வந்து போக ஜூபிலி லைன் ரயில் வரும்னு நம்பி கட்டுனது, அந்த ரயில் அங்க வந்து சேந்தது 1999. நடுவுல 1992-ல மொத்த கம்பெனியும் கவுந்துச்சு. இடம் தப்பு இல்ல, இன்னிக்கு அங்க போய் பாத்தா தெரியும். எட்டு வருஷம் முன்னாடி கட்டிட்டாங்க. ஒரு ப்ராஜெக்ட் மொத்த குடும்பத்தையும் இழுத்துட்டு போகக்கூடாதுன்னுதான் ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்தனி டப்பால போட்டு மூடறது.

சைட்ல என்ன ஆகும்னு செங்கல்சூளைக்கு என்ன விட நல்லாவே தெரிஞ்சிருக்கும். ஜெர்மனில எல்ப்டவர்னு ஹாம்பர்க்ல 245 மீட்டருக்கு போட்ட கட்டடம், 2023 அக்டோபர்ல சுமார் 100 மீட்டர்லயே நின்னு போச்சு, கான்ட்ராக்டருக்கு பணம் வரல. அடுத்த மாசம் டெவலப்பர் சிக்னா திவால். வட்டி பூஜ்யத்துல இருந்தப்ப எல்லா கணக்கும் சரியா வந்துச்சு. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்லேர்ந்து 2023 ஜூலைக்குள்ள வட்டிய கிட்டத்தட்ட பூஜ்யத்துலேர்ந்து 5.25-5.50-க்கு ஏத்துச்சு, ஐரோப்பாவும் பின்னாடியே போச்சு, அதுல யார் யார் டவுசர் போடாம நீந்துனாங்கன்னு தெரிஞ்சு போச்சு.

---

வரிசைல_நிக்கறேன் பதில்:

நான் இன்ஜினியரும் இல்ல அக்கவுன்டன்டும் இல்ல, இந்த மாதிரி ஒரு கம்பெனி நடத்துற ஃபண்டுல காசு போட்டவ. பேர் சொல்லல. ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆகாத ரீட், அதாவது பல பேர் காசு சேத்து கட்டடங்கள வாங்கி வாடகைய பிரிச்சு குடுக்கற அமைப்பு, மாசா மாசம் டிவிடெண்ட், வேணும்னா எடுத்துக்கலாம்னு சொன்னாங்க. எடுக்கலாம்தான், ஆனா மாசத்துக்கு மொத்த ஃபண்டுல 2 சதவீதம், மூணு மாசத்துக்கு 5 சதவீதம் வரைக்கும்தான் வெளிய விடுவோம்னு உள்ள எங்கயோ எழுதியிருந்துச்சு. நான் கேட்டப்ப எல்லாரும் கேட்டாங்க. கேட்டதுல ஒரு துளிதான் வந்துச்சு, மிச்சத்துக்கு அடுத்த மாசம் திரும்ப விண்ணப்பம், அதுக்கு அடுத்த மாசம் திரும்ப. பேர் ஏன் இப்படி வெச்சிருக்கேன்னு இப்ப புரியுதா.

எரிச்சல் என்னன்னா, ஸ்டேட்மென்ட்ல என் பங்கோட விலை குறையவே இல்ல. லிஸ்ட் ஆன ரீட் எல்லாம் அதே சமயத்துல செமத்தியா அடி வாங்கிச்சு, இது மட்டும் அசையாம நிக்குது. ஏன்னா விலைய போடறது மதிப்பீட்டாளர், அவரும் மெதுவாத்தான் குறைப்பார், அந்த விலை மேலதான் கம்பெனிக்கு வருஷ ஃபீஸ். கட்டடத்த துண்டு போட்டு விக்க முடியாது, எல்லாரும் ஒரே நாள்ல கேட்டா தர முடியாதுன்னு எனக்கும் புரியுது, பிளாக்ஸ்டோன்ங்கற பெரிய முதலீட்டு கம்பெனியோட பிரீட் ஃபண்டே 2022 கடைசில இதே மாதிரி கதவ பாதி சாத்தி 2024 பிப்ரவரிலதான் முழுசா திறந்துச்சு. ஆனா விக்கும்போது அந்த வரிய பெரிய எழுத்துல போட்டிருக்கலாம்ல.

செங்கல்சூளை, உங்களுக்கு இது நேரடியா தேவைப்படாது. ஆனா நீங்க கட்டற டவர்ல எங்கள மாதிரி யாரோ வரிசைல நிக்கறாங்கன்னு மனசுல வெச்சுக்கங்க.

---

செங்கல்சூளை பதில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு தடவை படிச்சேன். முதல்ல ஒரு திருத்தம், தம்பி இல்லண்ணே, தங்கச்சி 🙂

மாடிப்படி அண்ணா சொன்ன கோர் சைஸ் சண்டை, நான் இத்தனை வருஷம் அந்த பக்கம் உக்காந்து இவங்க ஏன் ஒரு சுவத்துக்கு இப்படி அடிச்சுக்கறாங்கன்னு சிரிச்சிருக்கேன். அக்கா, உங்க விஷயம் படிச்சு கஷ்டமா இருந்துச்சு.

திங்கக்கிழமை ஹெச்ஆர்கூட கால் இருக்கு. கேரி பத்தி என்ன கேக்கணும்னு சொல்லுங்களேன், முட்டாள்தனமா கேட்டு மாட்டிக்க கூடாது.

---

வட்டிக்கணக்கு பதில்:

மன்னிச்சுக்கம்மா, பேர பாத்து ஏமாந்துட்டேன்.

முதல்ல இத கேளு, இந்த பாயின்ட் எந்த ஃபண்டுல? அது எந்த வருஷம் ஆரம்பிச்ச ஃபண்டு? எல்லாத்துக்கும் முன்னாடி இது. அப்பறம், கேரி ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனியா கணக்கு பண்றாங்களா, இல்ல மொத்த ஃபண்டுக்கும் சேத்தா. தனித்தனின்னா உன் கட்டடம் நல்லா போனா உனக்கு சீக்கிரம் வரும், ஆனா மத்த கட்டடம் பின்னாடி கவுந்தா குடுத்தத திருப்பி கேப்பாங்க, கிளாபேக்னு பேரு, வரி கட்டுன பின்னாடி இருக்கறத கேக்கறாங்களா வரிக்கு முன்னாடி உள்ளதயான்னு பாத்துக்க. மொத்த ஃபண்டுன்னா எல்லாருக்கும் எல்லாம் திருப்பி குடுத்து முடிச்ச பின்னாடிதான் உன் முறை, எட்டு பத்து வருஷம் கூட ஆகலாம், ஆனா வந்தது பெரும்பாலும் திரும்பி போகாது. வேலைய விட்டா வெஸ்ட் ஆனதும் போயிடுமா, போட்டியாளர்கிட்ட போனா போயிடுமான்னும் கேளு, "நல்லபடி விலகறவர், கெட்டபடி விலகறவர்"னு ஒரு பிரிவு இருக்கும், அத வரி வரியா படி.

ஃபண்டு வருஷம் ஏன் முக்கியம்னா ஒரு கணக்கு பாரு. வருஷம் 10 மில்லியன் டாலர் நிகர வருமானம் வர்ற கட்டடம், 5 சதவீத கேப் ரேட்ல வாங்குனா விலை 200 மில்லியன். கடன் 120, முதல் 80. இப்ப வட்டி ஏறி மார்க்கெட் 6 சதவீதம் கேக்குது, வாடகை ஒரு பைசா குறையல, ஆனாலும் விலை 167 ஆயிடுச்சு. கடன் அதே 120. முதல் 80-லேர்ந்து 47. ஒருத்தரும் ஒரு தப்பும் பண்ணாம நாப்பது சதவீதத்துக்கு மேல காலி.

---

செங்கல்சூளை பதில்:

கால் முடிஞ்சுது. கேட்டேன், முதல் கேள்வியே அதான். அந்த அம்மா கொஞ்சம் நேரம் பேசல, அப்பறம் ஃபைனான்ஸ்ல ஒருத்தர சேத்துக்கிட்டாங்க. 2021 ஃபண்டு. மொத்த ஃபண்டு கணக்குதான், கட்டடத்துக்கு தனி இல்ல. பாதிக்கு மேல ஆபீஸ்.

---

சந்தேகப்பிராணி பதில்:

சொன்னேன்ல 😐

---

வட்டிக்கணக்கு பதில்:

ஆஹா. வட்டி தரைல கிடந்தப்ப வாங்குனது. அந்த 8 சதவீத கடிகாரம் அன்னிலேர்ந்து ஓடிட்டே இருக்கு, நாலு வருஷம் ஆனாலே போட்டது 1.36 மடங்கு ஆன பின்னாடிதான் கேரி வாசல் திறக்கும், இங்க போட்ட முதலே முழுசா இருக்கான்னு பாக்கணும். வெளிய போனவங்க விட்டுட்டு போன பாயின்ட உனக்கு குடுக்கறாங்கன்னு நினைக்கறேன், அது வழக்கமா நடக்கறதுதான், கெட்ட எண்ணம்னு சொல்ல மாட்டேன். அத பூஜ்யம்னு எழுதி வெச்சிட்டு மிச்ச ஆஃபர பாரு. இல்லன்னா அடுத்த ஃபண்டுல பாயின்ட் கேளு, இன்னிக்கு விலைல வாங்கற ஃபண்டுக்கு நிஜமாவே வாய்ப்பு இருக்கு.

---

மாடிப்படி பதில்:

கணக்குப்பிள்ளை சொல்றது சரி. ஆனா கேரி பூஜ்யம்னாலும் வேலைய விட்டுடாதம்மா. கான்ட்ராக்டர் பக்கம் தெரிஞ்சவங்க டெவலப்பர் பக்கம் ரொம்ப கம்மி, ரேட்ட பாத்த உடனே எங்க இடிக்குதுன்னு தெரியறவங்களுக்கு தனி மதிப்பு உண்டு. உன்ன எந்த ப்ராஜெக்ட்ல போடறாங்கன்னு கேட்டியா? ஆபீஸா இல்ல வாடகை வீடு, கிடங்கு, டேட்டா சென்டர் மாதிரி எதாவதா? இப்ப கட்டறதுக்கு பணம் அந்த பக்கம்தான் ஓடுது. நின்னு போன ஆபீஸ் டவர பாத்துக்கன்னு போட்டா ரெண்டு வருஷம் வக்கீல் லெட்டர்தான் படிப்ப, கட்டறத கத்துக்க மாட்ட.

---

செங்கல்சூளை பதில்:

கடைசி அப்டேட். பழைய ஃபண்டு பாயின்ட் வேணாம்னு எழுதி குடுத்துட்டேன், அதுக்கு பதிலா ஃபிக்ஸட்ல ஏத்தம், அடுத்த ஃபண்டுக்கு பணம் திரட்டி முடிக்கும்போது பாயின்ட்டுனு கேட்டேன். ஃபிக்ஸட்ல கேட்டதுல பாதிதான் வந்துச்சு, அடுத்த ஃபண்டு விஷயத்த ஆஃபர் லெட்டர்லயே ஒரு வரியா போட்டு குடுத்திருக்காங்க. ப்ராஜெக்ட் கிடங்கும் மாணவர் விடுதியும், ஆபீஸ் இல்லண்ணா. அடுத்த மாசம் சேர்றேன்.

ஹெச்ஆர் அம்மா இந்த தடவை சிரிக்கல.